வெட்டாமல் விட்ட பெயர்

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் மூன்று பெண்பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த புக்கிட் ரம்பாய் தையல் கிலாங்கில் இப்போது வேலை செய்கிறவர்கள். தொழிற்சாலையை நாங்கள் கிலாங் என்றுதான் சொல்லுவோம். அதில் ஒருத்தி வெளிநாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவரின் பெயர் முதுகில் போட்ட சட்டை அணிந்திருந்தாள்.

"ஆண்டி, இந்தச் சட்டைக்கு நான் குடுத்த காசுல அவருக்கு ஏதும் போவுமா?" என்று கேட்டாள்.

"அவருக்கு எதுக்கு? தைச்ச நமக்கே போவலயே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி கலக்கப் போகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். தண்ணீர் கொதித்து வற்றுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். சொல்ல வேண்டியது எனக்கு இருந்தது. ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எப்போதும் வராது. எழுதுகிறபோது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பால் மரம் வெட்டினேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை மரம் போட்டபோது ஆட்களைக் குறைத்தார்கள். நாங்கள் புக்கிட் ரம்பாய்க்கு வந்தோம். கிலாங்கில் முதலில் நூல் பிசிறு வெட்டினேன், பிறகு பட்டி தைத்தேன். கண் நல்ல கண் என்று ஐந்தாம் வருடம் செக்கிங் மேசையில் உட்கார வைத்தார்கள். அதற்கு மேலே என்னை ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் லைனுக்குச் சூப்பர்வைசர் ஜமீலா அக்கா. மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பான உருப்படி ஒன்று கையில் கிடைத்தால், தைத்தவளின் மிஷினுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைப்பார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவளே புரட்டி, அவளே தேடி, அவளே தப்பைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நகர மாட்டார். திட்டு வாங்குவதே மேல் என்று எல்லோரும் சொல்லுவார்கள். என்னைச் செக்கிங்கில் உட்கார வைத்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான். "பார்வதி, தொப்பிய வாங்குறவன் வெளிப்பக்கத்தைப் பாப்பான். நீங்க உள்பக்கத்தைப் பாருங்க."

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குத் தொப்பி ஆர்டர்தான் அதிகம். தொப்பிக்கு ஆறு துண்டு. முன்துண்டு இரண்டிலும் எழுத்து பின்னிய பிறகுதான் மற்ற துண்டுகளைச் சேர்ப்பார்கள். என் மேசைக்கு வருகிற தொப்பியை முதலில் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டுவேன். பின்னலுக்கு அடியில் வைத்த தாள் சுத்தமாகக் கிழிபட்டிருக்கிறதா, வியர்வைப் பட்டி நேராக ஓடுகிறதா, தையல் சேருகிற இடம் உச்சிப் பொத்தானுக்கு நடுவில் வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு திருப்பி, விளக்குக்குக் கீழே எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். தப்பு இருந்தால் உள்ளே சிவப்புச் சாக்பீசால் ஒரு கோடு.

கோடு போட்டதோடு வேலை முடியாது. ரிஜெக்ட் ஆன தொப்பியைப் பெரிய கத்திரியால் பெயருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும். பெயர் இரண்டாகப் போனால்தான் அதை யாரும் விற்க முடியாது. வெட்டினதைச் சாக்கில் போடுவோம். வண்டி துடைக்க, மிஷின் துடைக்க என்று கேட்கிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். கேட்டில் காவல்காரர் வெட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் விட்டுவிடுவார்.

அந்த வருடங்களில் எங்களுக்கு அதிகம் வந்தது ஒரு பந்தயக் கார் ஓட்டுநரின் தொப்பி. ஆங்கில எழுத்தில் கதிர் என்று பெயர், அதற்குக் கீழே அவன் கையெழுத்து, பக்கத்தில் அவன் வண்டி நம்பர் பத்தொன்பது. முழுப்பெயர் கதிரேசன். அவன் நடக்கப் பழகுகிற வயதிலிருந்து அவனை எனக்குத் தெரியும். அவன் அம்மா காளியம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டினவர்கள். மெர்லிமாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் கழற்றிக்கொண்டிருந்தவனை ஒரு பந்தயக் கம்பெனி பார்த்து, கூட்டிக்கொண்டு போய், ஜொகூர் பந்தயத் தடத்தில் ஓட விட்டது. ஜெயித்தான். பேப்பரில் படம் வந்தது. மெர்லிமாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றினதும் அவன் தொப்பியைத்தான் போட்டார்கள்.

அவன் தங்கை மல்லிகா எங்கள் லைனில்தான் இருந்தாள். தொப்பிக்குப் பின்பட்டி தைக்கிற வேலை. மற்றவர்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள்.

"என்னாடி, ஒன் அண்ணன் மண்டைக்குப் பட்டி போட நீ இங்க சம்பளத்துக்கு ஒக்காந்திருக்க. ஒரு தொப்பிக்கு அவனுக்கு எவ்வளவுடி குடுக்குறாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா" என்று சிரிப்பாள். அவனுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை, பந்தயம் ஓடினால்தான் சம்பளம் என்பதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். கேட்டதும் எனக்கு நம்பவே முடியவில்லை. தினமும் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறுகிறதே, அத்தனையிலும் ஒன்றுமில்லையா என்று கேட்டேன். "அண்ணனுக்கு வண்டி ஓட்டணும் அத்தை. அதான் அவனுக்கு" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை மல்லிகா வரவில்லை. முந்தின நாள் பந்தயத்தில் கதிரின் வண்டி சுவரில் மோதி உருண்டுவிட்டது என்று லைனில் பேச்சு. வலது கால் நொறுங்கிவிட்டது, தலையிலும் அடி, கண் விழிக்கவில்லை என்றார்கள். அன்று முழுவதும் அவன் தொப்பி என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்து அனுப்பினேன்.

புதன்கிழமை காலையில் ஜமீலா அக்கா மிஷின்களை நிறுத்தச் சொன்னார். அவன் இறந்துவிட்டான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தே பேசினார்.

"கதிர் தொப்பி ஆர்டர் ரெண்டு மடங்கு ஆயிருக்கு. எல்லாரும் ஓவர்டைம். கடையில சரக்கே இல்லையாம், எல்லாரும் தேடி வந்து வாங்குறாங்களாம்."

ஒரு மிஷின்கூட ஓடாத அந்த ஹாலை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அவன் கண் திறக்காமல் கிடக்கிறான், அதனால் சரக்கு போகிறது. நான் படித்தவள் இல்லை. ஆனால் அது எனக்குப் புரிந்தது.

அன்று மதியம் ஒரு தொப்பியில் கடைசி எழுத்தின் கால் சாய்ந்திருந்தது. சிவப்புக் கோடு போட்டேன். கத்திரியை எடுத்தேன். பெயரின் மேல் கத்திரியை வைத்தேன். அழுத்த முடியவில்லை. அது அபசகுனம், எங்களில் யாரும் செய்ய மாட்டார்கள். உயிருக்குப் போராடுகிற பிள்ளையின் பெயரை, தோட்டத்தில் அவன் அம்மாவோடு நிரையில் நின்ற நான், என் கையாலேயே இரண்டாக வெட்டுவதா? இங்கே நான் வெட்டுகிற நேரத்தில் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? திருப்பிப் பிடித்தேன். பின்பட்டியை மட்டும் குறுக்கே வெட்டிச் சாக்கில் போட்டேன். பட்டி இல்லாத தொப்பியை யார் போடுவார்கள் என்று நினைத்தேன்.

முன்பெல்லாம் வெட்டினதை ஜமீலா அக்கா ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார். அந்த வாரத்திலிருந்து அவருக்கு இரண்டு லைன். "நீங்க இருக்கீங்கல்ல பார்வதி. நான் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஆக, அன்றிலிருந்து கதிர் தொப்பி எதிலும் நான் பெயரை வெட்டவில்லை.

பத்து நாளில் கதிர் கண் விழித்தான். மல்லிகா வேலைக்குத் திரும்பினாள். பிறகும் நான் வெட்டவில்லை. கால் தேறட்டும் என்று இருந்தேன். மல்லிகா சாயங்காலம் சாக்கிலிருந்து கந்தல் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அண்ணன் வண்டி துடைப்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். துடைக்க அங்கே எந்த வண்டி ஓடுகிறது என்று யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து கதிரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மெர்லிமாவுக்குப் பஸ் ஏறினேன். அன்று அங்கே பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை. பொழுது சாய்கிற முன்னே சாலையோரம் கடை விரித்திருந்தார்கள். அதற்குள் நடந்து போகிறபோது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மல்லிகா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அவள் முன்னால் ஒரு விரிப்பு. விரிப்பு நிறையக் கதிர் தொப்பி.

ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினேன். உள்ளே என் சிவப்புக் கோடு. பின்பட்டி புதிது. அவள் கைத் தையல், எனக்குத் தெரியும். திருப்பினேன். கடைசி எழுத்தின் கால் சாய்ந்திருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவளே பேசினாள். "உக்காருங்க அத்தை. அம்மாவுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். சம்பளம் நின்னு போச்சு. காலுக்குள்ள கம்பி வச்சதும் வைத்தியமும் கம்பெனி செலவு, அத நான் இல்லன்னு சொல்லல. சாப்பாட்டுக்கு?"

"மல்லிகா, இது ரிஜெக்ட்டு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும் அத்தை. நீங்க பேர வெட்டாம பட்டிய மட்டும் வெட்டி விட்டீங்கல்ல, மொத நாளே புரிஞ்சிக்கிட்டேன். எங்களுக்காகத்தான் விடுறீங்கன்னு. அம்மா ஒங்க பேரச் சொல்லித்தான் வெளக்கு ஏத்துது."

நான் பயந்து வெட்டாமல் விட்டதை இவள் நான் கொடுத்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். இல்லையம்மா, அது அப்படியில்லை, இதை மடித்து வை, மாட்டினால் உன் வேலை போய்விடும் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு தொப்பி கேட்டார். மல்லிகா எடுத்துக் கொடுத்தாள். நான் கூட்டத்தோடு நழுவி, கதிரைப் பார்க்காமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். எனக்கு அந்த அறைக்குள் போவது அதுதான் முதல் தடவை. சீன மேனேஜர், ஜமீலா அக்கா, பந்தயக் கம்பெனியிலிருந்து வந்த டை கட்டிய ஒரு தமிழர், மல்லிகா. சுவரோரம் தாங்குகட்டையோடு கதிர். கம்பெனி வண்டியிலேயே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேசை மேலே பாசாரில் பிடித்த தொப்பி முப்பது இருக்கும்.

டை கட்டியவர் கதிரிடம் தமிழில்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க கதிர். ஒங்க பேரக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம். ஒங்க பேர்ல களவு சரக்கு விக்குது."

"வித்தது என் தங்கச்சி" என்றான் கதிர். "எம் பேரத்தான வித்தா."

"இப்ப அது ஒங்க பேரு இல்லையே. பேரு, கையெழுத்து, நம்பரு, மூணும் மூணு வருசத்துக்கு கம்பெனிக்குன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. ஒரு தொப்பிகூட நீங்களே விக்க முடியாது."

"இங்கிலீசுல இருந்துச்சி. வண்டி குடுக்குறேன்னாங்க, போட்டேன்."

ஒரு மனுசனின் பெயர் அவனுக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுத முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா வைத்த பெயர். நிரையில் நின்று அவள் கூப்பிட்ட பெயர்.

மேனேஜர் ஒரு தொப்பியை எடுத்து, இதை வெட்டாமல் விட்டது யார் என்று மலாயில் கேட்டார். ஜமீலா அக்கா அந்தத் தொப்பியை அவரிடமிருந்து வாங்கி, கவிழ்த்து, என் முன்னால் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"நான்தான்" என்றேன். "ஆஸ்பத்திரியில கெடக்குற புள்ள பேர்ல கத்திரி வைக்க எனக்கு மனசு வரல. பட்டிய மட்டும் வெட்டினேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. பேர ஒழுங்கா வெட்டியிருந்தா அது எப்படி விக்கும்?"

என் வாழ்க்கையில் ஆபீஸ்காரர்கள் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசினது அது ஒன்றுதான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஜமீலா அக்கா அவர் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார். எனக்கு மலாய் பேச வராதே தவிர, கேட்டால் புரியும். அவர் சொன்னது இது: கத்திரி மழுங்கிவிட்டதாம், நான் புதுக் கத்திரி கேட்டேனாம், அவர்தான் வாங்கித் தரவில்லையாம், தப்பு அவருடையதாம்.

அத்தனை வருடத்தில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. டை கட்டியவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். நான் சொன்னதையும் கேட்டார், ஜமீலா அக்கா சொன்னதையும் கேட்டார். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். ஜமீலா அக்கா சொன்னதை அப்படியே விட்டுவிட்டார். ஜமீலா அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு அதுகூட வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாளைக் கதிரிடம் நீட்டினார். தொப்பி விற்றது தனக்குத் தெரியாது, தான் அனுமதிக்கவில்லை, விற்றவர் மேல் கிலாங் நடவடிக்கை எடுக்கட்டும் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் போலீஸ் இல்லை, மல்லிகாவுக்கு வேலை மட்டும் போகும். போடாவிட்டால் அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று ஆகும். ஒப்பந்தம் முறியும். வைத்தியமும் நிற்கும், பந்தய வண்டியும் போய்விடும்.

சொந்தத் தங்கை மேல் அண்ணனையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை.

"எங்க அண்ணனுக்கு ஒன்னும் தெரியாது சார்" என்றாள் டை கட்டியவரிடம். பிறகு அவனிடம், "போடுண்ணே" என்றாள்.

"வாய மூடு."

"காலு சரியாவ வேணாமா? வண்டி ஓட்ட வேணாமா? எனக்கு வேற கிலாங் இல்லியா? இந்தப் பேட்டையில கிலாங்குக்கா பஞ்சம்? போடு. நேரமாவுது, எனக்குப் பஸ்சு போயிரும்."

கதிர் தாங்குகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையைப் பிடித்துக் குனிந்து போட்டான். அந்தக் கையெழுத்தை விளக்கு வெளிச்சத்தில் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேனோ. அதன் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். அன்று அவன் போட்டதில் ஒரு வளைவும் சரியாக இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

மல்லிகா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே கேட்டுக்கு வெளியே போனாள். காவல்காரர் பழக்கத்தில் அவள் பையைத் திறந்து பார்த்தார்.

அதன் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கதிர் மறுபடி ஒரு பருவம் ஓடினான். முன்பு மாதிரி இல்லை. ரிங்கிட் காசின் மதிப்பு விழுந்த வருடம் கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. வண்டியைத்தான் வாங்கிக்கொண்டார்கள், பெயரைத் திருப்பித் தரவில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களிலும் அவன் தொப்பி என் மேசைக்கு வந்தது. நான் பார்த்தேன். தப்பு இருந்தால் பெயருக்குக் குறுக்கே வெட்டினேன். அப்போது கத்திரியை அழுத்த எனக்குத் தயக்கம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் திக்கென்று இருக்கிறது.

அந்தப் பெண்பிள்ளை கேட்டதற்கு என் பதில் இதுதான். வண்டி வாங்கித் தந்தவர்களுக்கு லாபம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் முதல் போட்டார்கள். தைத்த எங்களுக்குக் கூலி கொடுத்தார்கள், கடைக்காரருக்கும் ஏதோ மிஞ்சியிருக்கும். சுவரில் மோதி எலும்பு நொறுங்கினவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு தொப்பியிலும் ஏதோ கொஞ்சம் அவனுக்கு என்று வைத்திருந்தால் அந்த விரிப்பை அவள் விரித்திருக்க மாட்டாள். அவன் படுத்துக் கிடக்கிறபோது அவனைக் கேட்காமல் ஆர்டரை இரண்டு மடங்கு ஆக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதுவதற்கு அந்த ஒப்பந்தத் தாளில் இடமா இல்லை?

மல்லிகாவைப் பார்க்க எனக்கு முகம் இல்லாமல் இருந்தது. மூன்று வருடத்துக்கு மேலே ஆன பிறகு, என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் மெர்லிமாவில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். நிமிர்ந்து பார்த்தால் போர்டில் பெரிதாக எழுதியிருந்தது: மல்லிகா மோட்டார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மல்லிகா. ஒரு காருக்கு அடியிலிருந்து கதிரின் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"வாங்க அத்தை. அத்தை வந்திருக்குண்ணே" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை நான் ஒருவழியாகச் சொன்னேன். "அன்னிக்குப் பாசார்லயே நான் ஒன்கிட்ட சொல்லியிருக்கணும்மா."

"நீங்க எங்க அத்தை சொல்லப் போறீங்க. நீங்க பேசினதே ஆபீசுல அந்த ஒரு வாட்டிதான்" என்று சிரித்தாள்.

போர்டைப் பற்றிக் கேட்டேன். கடை திறந்தபோது கதிர் மோட்டார் என்று எழுதி மாட்டினார்களாம். பந்தயக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததாம், ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் அந்தப் பெயரை வியாபாரத்துக்குப் போடக்கூடாது என்று. இறக்கிவிட்டு இதை மாட்டினார்களாம். வருகிற வருமானத்தில் பாதி அவளுக்கு என்று அவனாகவே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான். தமிழில்.

"இப்ப ஒப்பந்தம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ முடிஞ்சிருச்சி அத்தை. எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, போட்டா யாவாரம் வரும்னு பெயிண்டர நானே கூட்டிட்டு வந்தேன். இவன் அவர ஏணில ஏறவே விடல."

காருக்கு அடியிலிருந்து கதிர் குரல் கொடுத்தான். "பெயிண்ட் வெல ஏறிப்போச்சி அத்தை. இந்தப் பேரே இருக்கட்டும்."